தொம்மலூர் முருகன் கோயிலில் கால் மணி முந்திய மதியம்

டைபாய்டிலிருந்து மகள் எழுந்தால் ஆறு கிருத்திகைக்கு, நடுப்பகலுக்குள், என் கையால் முருகனுக்குப் பால் தருவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். ஒன்று தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. போன கிருத்திகை ஆறாவது.

ஸ்ரீராம்புரத்திலிருந்து மெஜஸ்டிக் வரை நடை. பத்தரை மணி பஸ், முப்பது பைசா. பால் தூக்கு மடியில் இருந்ததால் நின்றவர்கள் எல்லோருடனும் சண்டை. தொம்மலூரில் இறங்கியபோது கண்டக்டர் வாட்சில் பதினொன்றரை. இருபது நிமிடம் நடந்து போனால், நடை சாத்தியிருக்கிறது!

"பன்னிரண்டு அஞ்சு, பாரும்மா" என்று சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார் தர்மகர்த்தா. டெலிபோன் இலாகாவில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பெண்டுலக் கடிகாரம்தான். போன வாரம் நேரத்தைச் சரிசெய்துவிட்டு, பக்கத்து அறையில் ரேடியோவில் இருப்பது போன்ற ஒரு வால்வுப் பெட்டி வைத்தாராம். உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு நொடி கம்பியில் மின்சாரம் அனுப்ப, காந்தம் பெண்டுலத்தை இழுத்து அடி பிசகாமல் ஆட்டுகிறதாம்.

"நான் இறங்கறப்ப கண்டக்டர் வாட்சில பதினொன்றரைதானே சார், நடந்தது இருபது நிமிஷம்."

"கண்டக்டர் வாட்ச் பெரிசா, என் படிகம் பெரிசா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஓட்டம் சரி சார். முள்ளைக் கடைசியா யார் தொட்டாங்க?"

குருக்கள் தொண்டையைச் செருமினார். "நான்தாம்மா. வாரத்துக்குக் கால் மணி பின்தங்குமே, திங்கக்கெழமைதோறும் தள்ளி வெப்பேன்."

"இந்தத் திங்களுமா?"

"பழக்கம்... தள்ளிட்டேன்."

இனிப் பின்தங்காத கடிகாரத்தையும் கால் மணி முன்னே தள்ளியாயிற்று! தர்மகர்த்தா முகம் சிவந்தது. ஆனாலும் இறங்கி வரவில்லை. "சாத்தின நடையைத் திறக்கறதில்ல. நாலரைக்கு வா."

நாலரைக்கு வந்தால் நடுப்பகலுக்குள் ஆகுமா? பத்து நிமிடம் வாதாடியும் பலனில்லை; தொழிற்சாலைச் சங்கு பன்னிரண்டுக்கு ஊதத் தொடங்கியது. வாசலில் நட்டிருக்கும் வேலிடம் ஓடினேன். சங்கு ஓய்வதற்குள் தூக்குப் பால் முழுவதையும் அதன்மேல் ஊற்றினேன்.

"இதெல்லாம் கணக்கில வராதும்மா!" என்று கத்தினார் தர்மகர்த்தா. குருக்கள் கைமணியை எடுத்து வந்து ஆட்டினார்.

எட்டு நாளாகியும் கோபம் ஆறவில்லை. போகிறவர்கள் ஒன்பது மணி பஸ்ஸையே பிடியுங்கள். பாலை மூடி போட்ட தூக்கில் கொண்டுபோங்கள். முள்ளைச் சரியாக வைத்துவிட்டார்களா, தெரியாது. அடுத்த திங்கட்கிழமை குருக்கள் கையைக் கட்டிப்போட்டால்தான் நிச்சயம்.

ஆறும் முடிந்தது என்று எழுதிக்கொண்டேன். அந்தக் கணக்கு முருகனுக்கும் எனக்கும்; நடுவில் படிகம் எதற்கு?