குடத்தில் போட்ட ஆனர்ஸ் இடம்

இதை எழுத வேண்டும் என்று உட்கார்ந்து, பேனாவை மூடி வைத்து எழுந்தே பல வருஷங்கள் போய்விட்டன. எட்டாவதோடு நின்றவள் பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுதினால் சிரிப்பார்களே என்ற கூச்சம் ஒரு பக்கம். படித்த பெரியவரைக் குறை சொன்னால் பாவம் சேருமோ என்ற பயம் இன்னொரு பக்கம். போன வெள்ளிக்கிழமை இரண்டும் என்னை விட்டுப் போய்விட்டன.

பூஜை முடித்துக் கற்பூரத் தட்டோடு வாசலுக்கு வந்தால், அடுத்த வீட்டுப் பெண் லட்டு டப்பாவோடு நிற்கிறாள். "அத்தே, எனக்கு மெட்ராஸ்ல ஆனர்ஸ் கெடச்சிட்ச்சி! வாயத் தொறங்க." நல்ல நெய் லட்டுதான். குழந்தை மேல் என்ன குற்றம்? ஆனால் ஆனர்ஸ் என்ற அந்தச் சொல்தான் லட்டை இனிக்க விடவில்லை.

அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது என் தம்பி ஏகாம்பரத்தின் வாயால். எழுபதுகளின் கடைசி. அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் நான். கேள்வி கேட்டே உயிரை எடுப்பான். கோயிலுக்குக் கூட்டிப் போனால், அபிஷேகத் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்பான். பெருமாள் ஏன் பேசுவதில்லை என்பான். பட்டணத்துப் பெரிய பல்கலைக்கழகத்தில் சரித்திரம் பி.ஏ. சேர்ந்திருந்தவன், ஒரு சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி, கால்கூடக் கழுவாமல் சொன்னான்: "அக்கா, ஆனர்ஸ்ல ஒரு எடம்தான் பாக்கி கீது. நானும் இன்னொருத்தனும் சரிக்குச் சரியா நிக்கிறோம்."

"இன்னாடா அது, கவர்மென்டு வேலையா? பென்சன் வருமா?" என்று கேட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கே சிரிப்பு வருகிறது.

பி.ஏ. படிக்கிற பிள்ளைகளில் கெட்டிக்காரர்களை மட்டும் பொறுக்கியெடுத்துத் தனி வகுப்பு வைப்பார்களாம். பேராசிரியரே நடத்துவாராம். நூலகத்தில் தனி மேசை, படிப்பு முடிவதற்குள் சொந்தமாக ஓர் ஆராய்ச்சி. அதில் சேர்ந்தவன் அப்படியே மேலே போய்விடலாம். "அக்கா, அதுல இன்னா வேணா கேக்கலாம். யாரும் வாய மூடுன்னு சொல்ல மாட்டாங்க" என்றான். இதைச் சொல்லும்போது அவன் முகம் இருந்ததே, அதை நான் மறக்க வேண்டுமென்றால் செத்துத்தான் மறக்க வேண்டும்.

அந்தக் கடைசி இடத்துக்குப் பேராசிரியர் கண்டுபிடித்த வழிதான் வேடிக்கை. எங்கள் உத்திரமேரூர்க் கோயில் மண்டபச் சுவரில் பழைய கல்வெட்டு இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சோழர் காலத்தில் ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்க, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்களாம். "அந்த ஊருக்கே போவோம், அதே மாதிரி எடுப்போம், வந்த பேருக்கு இடம்" என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

நாங்கள் சாமி முன்னால் சீட்டுப் போடுகிறவர்கள். பெண் எடுப்பதா, வேண்டாமா, கிணறு வெட்டுவதா, வேண்டாமா, எல்லாமே சீட்டுத்தான். விழுந்தது விழுந்ததுதான், அதற்கு மேல் பேச்சில்லை. அதனால் நான் பொங்கலுக்கு வைத்திருந்த புதுக் குடத்துக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, ஏதோ கல்யாணக் காரியம் மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். மாணவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பேராசிரியர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே பெருமாளைச் சேவித்தார்.

பிறகு கல்வெட்டைத் தடவித் தடவி ஒரு பிரசங்கம். அது முடிந்து குடத்தைக் குலுக்கினார்கள். எழுத்து தெரியாத வயதிலிருந்த என் மூத்த மகள்தான் கைவிட்டு எடுத்தாள். ஓலையில் ஏகாம்பரம்.

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பேராசிரியர் முகம் சுருங்கியது. அந்த இன்னொரு பையனின் அப்பா வீட்டு மாடியில்தான் அவர் குடியிருந்தார் என்பது பின்னால் தெரிந்தது.

"ஏகாம்பரம், உங்களுக்குச் சொந்த நிலம் இருக்கா?" என்றார்.

"இல்ல சார். குத்தகைதான்."

"வீட்டு மனை?"

"அதுவும் நெலக்காரரோடதுதான் சார்."

"அப்போ கல்வெட்டுப்படி உன் பேரு குடத்துக்குள்ளயே போயிருக்கக் கூடாதேப்பா! வரி கட்டற நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும்."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நானும் பல்லைக் காட்டினேன். விளையாட்டில்லை. பக்கத்திலிருந்த உதவியாளரிடம் மற்றவன் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

வாசலில் பூ விற்கிற கன்னியம்மாவுக்குத்தான் முதலில் வாய் வந்தது. "யோவ் வாத்தியாரே, சாமி எதிர்க்க எடுத்தத மாத்திக்கினு போறியே, நீயெல்லாம் இன்னாத்தயா படிச்ச?"

அவர் காதிலேயே வாங்கவில்லை. ஏகாம்பரம் மெதுவாகக் கேட்டான்: "சார், அப்போ என் பேர ஏன் சார் குடத்துல போட்டீங்க?"

பேராசிரியர் அவன் முதுகைத் தட்டினார். "பிரமாதமான கேள்வி! இதுதாம்பா ஆராய்ச்சி மனப்பான்மை. எல்லாரும் குறிச்சுக்கங்க." குறித்துக்கொண்டார்கள், ஐயா! நிஜமாகவே பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டார்கள். பிறகு என் வீட்டு மோரை வாங்கிக் குடித்துவிட்டு பஸ் ஏறிப் போனார்கள். ஆயிரம் வருஷத்துக் கல்லைத் தடவத் தெரிந்த அந்தக் கூட்டத்துக்கு, பக்கத்தில் நின்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை. ஆனர்ஸ் என்றால் மரியாதை என்று அர்த்தமாம். அதற்குப் பெயர் மரியாதைப் படிப்பு. தூ!

அந்த ஆனர்ஸ் வகுப்பைச் சில வருஷங்களில் மூடிவிட்டார்களாம். அந்தப் பேராசிரியரும் இப்போது இல்லை. வகுப்பும் அவரும் போனதில் எனக்கு ஒரு சொட்டுக் கவலை கிடையாது. போனது வேறு. ஏகாம்பரம் சாதாரண பி.ஏ. முடித்து, காஞ்சிபுரத்தில் ஓர் ஆபீசில் வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டான். நல்ல புருஷன், நல்ல அப்பா. ஆனால் அன்றைக்குப் பிறகு அவன் யாரிடமும் ஏன் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்தால்கூட, எதற்கென்று கேட்காமல் விழுங்குகிறான்.

ஊரில் இப்போதே இதை மாற்றிச் சொல்கிறார்கள். பேராசிரியருக்குப் பார்வை போய்விட்டதாம், பெருமாள் தன் சக்தியைக் காட்டிவிட்டாராம். அப்படியெல்லாம் இல்லை. கண் நன்றாகத்தான் இருந்தது. சால்வை மேல் சால்வை போர்த்திக்கொண்டுதான் ஓய்வு பெற்றார். நான் இன்றும் அதே பெருமாளுக்குத்தான் விளக்கேற்றுகிறேன். அது எனக்கும் அவருக்கும் உள்ள விஷயம். நீங்கள் யாரிடமாவது இதைச் சொன்னால், நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். பேராசிரியருக்குத் தண்டனை எதுவும் சேர்க்காதீர்கள். என் தம்பிக்கு அந்த இடத்தையும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.