சாச்சி வாசலில் வைத்த கெண்டி

சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்த பித்தளையின் மணம் இன்றும் சில விடியற்காலைகளில் என் உள்ளங்கையில் வருவதுண்டு. அது என் சாச்சியின் "ஒளுக் கெண்டி"யின் மணம், தொழுகைக்கு முன் கைகால் கழுவ வீட்டு ஆண்களுக்கு நீர் நிரப்பி வைக்கும் நீண்ட மூக்குக் கெண்டி.

சாச்சி என் உம்மாவின் தங்கை. யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில், தன் கணவர் சாச்சாவோடு, எங்கள் வீட்டில்தான் இருந்தார். எனக்கு ஒன்பது வயதான மாரியில், சரக்கேற்ற நாகப்பட்டினம் போன சாச்சாவின் தோணி கவிழ்ந்துவிட்டதென்று, நீந்திப் பிழைத்த ஒருவர் வந்து சொன்னார். அன்றே சாச்சி வெள்ளை உடுத்து, கணவனை இழந்தவர்களுக்குரிய தனிமையாக நான்கு மாதமும் பத்து நாளும் அறைக்குள் "இத்தா" இருக்கத் தொடங்கியிருக்க வேண்டும். அவர் மாட்டேன் என்றுவிட்டார்.

"ஆரேன் மையத்தைக் கண்டவையோ? நான் இத்தா இருந்தால், அவர் மௌத்தெண்டு நானே சொன்ன மாதிரி."

"மார்க்கத்துக்கும் ஊருக்கும் நான் என்ன மறுமொழி சொல்லுறது?" என்று வாப்பா தலையில் கை வைத்தார்.

வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் பெண்களுக்குச் சரித்திரம் சொல்ல "ஓதுற உம்மா" வருவார். கணவர் மதீனாவுக்குப் போய்விட, சொந்தக்காரர் தடுத்ததால் மக்காவில் தனித்துப்போன உம்மு ஸலமா நாயகி, பிரிந்த இடத்துக்கே நாள்தோறும் போய் அந்திவரை அழுதபடி ஏறக்குறைய ஒரு வருடம் இருந்ததையும், கடைசியில் அவர்கள் மனமிரங்கிப் போகவிட்டதும் கணவரிடம் போய்ச் சேர்ந்ததையும் ஒரு வெள்ளிக்கிழமை சொன்னார். "அவ்வளவும் போதும், மிச்சம் வேண்டாம்" என்று சாச்சி முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அன்றிலிருந்து, படுக்கப் போகுமுன் கெண்டியை நிரப்பி வாசற்படியில் வைத்தார். சாச்சா விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு வந்தால் ஒளு எடுக்கட்டுமாம். காலையில் அது நிறைந்தபடியே இருப்பதைக் கண்டு அவர் முகம் வெளிறியதை என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் பாங்கு சொல்லுமுன் எழுந்து, நீரை முருங்கையடியில் ஊற்றிவிட்டு வெறுங்கெண்டியைப் படியில் வைத்தேன். சாச்சி சிரித்தார். ஏழு நாள் இப்படியே நடந்தது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

எட்டாம் நாள் எனக்குக் காய்ச்சல். மூன்று நாள் பாயோடு கிடந்தேன். நிறைந்த கெண்டியைக் கண்டு சாச்சி என்ன ஆவாரோ என்ற பயம் காய்ச்சலைவிடப் பெரிதாயிருந்தது. மூன்றாம் நாள் விடியலில் தள்ளாடிப் போய்ப் பார்த்தால், கெண்டி வெறுமையாக இருந்தது. படியிலும் முற்றத்துச் சீமெந்திலும் ஓர் ஆணின் ஈரக் காலடிகள். வாப்பா கொழும்புக்குப் போய் ஐந்து நாள். வீட்டில் வேறு ஆணில்லை. தெருவாசல் படலை உட்பக்கம் கொண்டி போட்டபடி இருந்தது.

பின்னால் சாச்சி நின்றார். "முந்தநாளும் நேற்றும் வாற தடம். இண்டைக்குப் போற தடம்," என்றார், நடுக்கமில்லாத குரலில்.

அன்று பகலே ஓதுற உம்மாவை அழைப்பித்து மிச்சத்தைக் கேட்டார். உஹதுப் போரில் பட்ட காயத்தால் கணவர் மௌத்தானதையும், உம்மு ஸலமா நாயகி இத்தா இருந்ததையும் கேட்டபடியே பெட்டியைத் திறந்து வெள்ளைச் சேலையை எடுத்தார்.

இத்தா முடிந்த நாளில் அவர் மடியில் விழுந்து என் கள்ளத்தை ஒப்புக்கொண்டேன்.

"முதல் நாளே முருங்கையடி ஈரத்தைக் கண்டிட்டன், மகள். எனக்காக ஒரு சீவன் விடியமுன்னம் எழும்புதே எண்டுதான் சிரிச்சனான். ஆனா, நீ காய்ச்சலிலை கிடந்த மூண்டு நாளும் முருங்கையடி காஞ்சு கிடந்தது."

இப்போது நான் புத்தளத்தில் மகளோடு இருக்கிறேன். தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது, அந்தத் தெருவை விட்டுப் புறப்பட்ட நாளில் கையில் எடுத்தவை கொஞ்சம். கெண்டி அவற்றில் இல்லை. பல வருடம் கழித்துப் பேரனோடு போய்ப் பார்த்தேன். கூரை இல்லை, சுவர் இல்லை, முருங்கை இல்லை. வாசற்படி மட்டும் புல்லுக்குள் கிடந்தது. குடிக்கவென்று பேரன் தந்த தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து அந்தப் படியின்மேல் வைத்துவிட்டு வண்டியில் ஏறினேன். திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.