மூன்று காலிக் கட்டங்கள்

மாடிப்படி ஏறியதும் முதல் அறை இரண்டாம் வகுப்பு. அங்கே பாட்டு டீச்சர் பதினெட்டு வருடமாக ஒரே வசனத்தைச் சொல்லிவந்தார்: "இசையில தப்புன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, கண்ணுங்களா." வீட்டில் கணவர் குளிக்கும்போது முணுமுணுத்தால் மட்டும், "சுதி எங்கேயோ போகுது" என்று கதவைத் தட்டுவார். கொள்கை வேறு, குளியலறை வேறு.

அவர் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதில்லை. பிள்ளைகளையே மெட்டுக் கட்ட வைப்பார். ஓர் அட்டையில் எட்டுக் கட்டம். பெரிய வட்டம் போட்டால் டெஸ்க்கில் பலமாகத் தட்ட வேண்டும். புள்ளி வைத்தால் மெல்ல. கோடு என்றால் 'ஊ' என்று இழுக்க வேண்டும். ஒன்றும் போடாத கட்டத்தில் சும்மா இருக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைகளைச் சும்மா இருக்க வைப்பதற்குள் அரை வருடம் போய்விட்டது, டீச்சருக்குப் பாதி உயிரும் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை வந்தார். "நாளைக்கு ஆய்வாளர் வர்றாரு. பிள்ளைங்க சொந்தமா ஒண்ணு செஞ்சு காட்டணும். இல்லேன்னா பாட்டு பீரியடைக் கணக்குக்குக் குடுத்துடுவாங்க."

பிள்ளைகள் கட்டிய மெட்டில் நடுவே அடுத்தடுத்து மூன்று கட்டம் காலி. பிள்ளைகள் பாதியில் மறந்துவிட்டார்கள் என்றல்லவா ஆய்வாளர் நினைப்பார்? எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகு டீச்சர் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் மூன்றிலும் வட்டம் போட்டார். தப்பே கிடையாது என்றவர் வகுப்பில் திருத்திய முதல் தப்பு அது.

மறுநாள் ஆய்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பிள்ளைகள் தட்டினார்கள், இழுத்தார்கள். சிவப்பு வட்டம் வந்ததும் அத்தனை கைகளும் அப்படியே நின்றன. அட்டையை யார் பார்த்தார்கள்? மெட்டுதான் மனப்பாடமாயிற்றே. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் டீச்சரே மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

முன்வரிசைக் கண்ணாடிக்காரி எழுந்துவிட்டாள். "டீச்சர், அங்க சும்மா இருக்கணும். நீங்கதானே சொன்னீங்க?"

முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள், டீச்சர் மேல் ஒரு கண் வைத்தபடி. டீச்சர் கையைக் கட்டிக்கொண்டார். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெருமையாக இருந்தது.

ஆய்வாளர் அசந்துபோனார். இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது: 'பிள்ளைகள் தாங்களே அருமையாக இசையமைக்கிறார்கள், ஆசிரியரையே திருத்துகிறார்கள். பாட்டு வகுப்பு அவசியம் தொடர வேண்டும். தனி ஆசிரியர் தேவையில்லை.'

"வகுப்பு தப்பிச்சிடுச்சுல்ல?" என்றார் கணவர், ஆறுதலாக.

"தப்பிச்சிடுச்சு. நான்தான் மாட்டிக்கிட்டேன்."

இப்போது அவர் பக்கத்து அறையில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறார். அங்கே தப்புக்குப் பஞ்சமே இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் சுவருக்கு அந்தப் பக்கம் டெஸ்க் சத்தம் கேட்கும். பிறகு மூன்று கட்டத்துக்கு ஒன்றும் கேட்காது. அந்த மூன்று கட்டத்துக்கும் இந்தப் பக்கம் அவருடைய சாக்பீஸும் நிற்கும்.