சாகக் கூடாத புழுக்கள்

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. நான் கோயமுத்தூரில் ஆராய்ச்சி மாணவி. அவர் தாராபுரம் பக்கம் பருத்தி விவசாயம். வாரம் முழுக்க ஹாஸ்டல், சனிக்கிழமையானால் பஸ் பிடித்து ஊருக்கு.

என் வேலை ஒரு பாக்டீரியாவோடு. அது உண்டாக்கும் புரதம் காய்ப்புழுவின் வயிற்றுக்குள் போனால் குடலைப் பற்றித் துளைத்துக் கொன்றுவிடும். புரதத்தின் எந்த இடம் குடலைப் பற்றுகிறது என்பதுதான் கேள்வி. மரபணுவில் ஓரிடத்தை மாற்றினால், நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்களில் ஒன்று மட்டும் வேறாகும். அப்படி மாற்றிய புரதத்தைப் புழுவுக்குத் தின்னக் கொடுத்துப் பார்ப்பேன்.

லேபில் வளர்க்கப் புழு எங்கள் பருத்திக் காட்டிலிருந்தே வந்தது. சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால், போட்டோ ஸ்டுடியோவில் காலி பிலிம் டப்பா வாங்கி, மூடியில் ஓட்டை போட்டு, டப்பாவுக்கு ஒன்றாக அவர்தான் பிடித்து வைப்பார்.

"ஊரே புழுவக் கொல்லுது. நான் ஒருத்தன்தான் பொண்டாட்டிக்குப் புடிச்சுத் தாரேன்" என்று சிரிப்பார்.

அந்த வருடம் புழு எந்தப் பூச்சிமருந்துக்கும் அடங்கவில்லை. அவர் சிரிப்பதும் குறைந்தது. இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கிறார் என்று மாமியார் சொன்னபோது அவரோடு சண்டை போட்டேன். "காடு மொட்டையாப் போகுது அம்மணி, என்ன பண்ணச் சொல்ற?" என்றார்.

ஒரு புதன்கிழமை, மாற்றிய புரதம் தின்ற குஞ்சுப் புழுக்களைப் பார்த்தேன். எல்லாமே உயிரோடு நெளிந்தன. மாற்றாத புரதம் தின்றவை கறுத்துச் செத்துக் கிடந்தன. வேறு சோதனைகளில் பார்த்தவரை மாற்றிய புரதம் உடையவில்லை, உருவமும் குலையவில்லை. பிடிமானம் மட்டும் போயிருந்தது. தேடிய இடம் கிடைத்துவிட்டது. "நல்ல ரிசல்ட்மா" என்று என் கைடு மேடம் தோளைத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஆபீஸ் போனில் எனக்கு அழைப்பு வந்தது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர். "மருந்தடிக்கறப்ப ஊட்டுக்காரருக்கு வெசம் ஏறிப்போச்சுங்க. ஆஸ்பத்திரில சேத்திருக்கறோம், வெரசா வாங்க."

போய்ச் சேர்ந்தபோது கைகளைக் கட்டிலோடு துணியால் கட்டி வைத்திருந்தார்கள். விஷமுறிவு ஊசியில் வாய் வறண்டு, கண் விரிந்து, ஏதேதோ பிதற்றினார். என்னை அடையாளம் தெரியவில்லை. மறுநாள் மத்தியானம்தான் தெளிந்தது; கைக்கட்டையும் அவிழ்த்தார்கள்.

"உன்ர புழு செத்துதா?" என்பதுதான் முதலில் கேட்டது.

"இல்லீங்க மாமா."

"உன்ர மருந்துக்குமா சாகல?"

"இது சாகக் கூடாதுங்க. சாகாம இருந்தாத்தான் எந்த எடம் கொல்லுதுன்னு தெரியும்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் சொன்னது சரிதான். ஆனால் அதை மேலும் விளக்காமல், அந்த முதுகுக்குப் போர்வையை இழுத்துவிட்டேன்.

பிழைத்துக்கொண்டார். விரல் நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. அடுத்த போகத்தில் மக்காச்சோளம் போட்டார். பருத்தியைப் பற்றிப் பேசுவதே இல்லை.

என் வாய்மொழித் தேர்வுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வராந்தாவில் லேப் மருந்து வாசம் அடித்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நீ போ கண்ணு, நான் வெளிய நிக்கறேன்" என்றார். கேள்விகளுக்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னேன். ஜன்னல் வழியாக, வேப்பமரத்தடியில் அவர் முதுகு காட்டி நிற்பது தெரிந்துகொண்டே இருந்தது.