நாற்பத்தொன்றாம் நம்பரின் சீட்டு

எங்கள் ஊர் பன்னிரண்டு மணி நேர ஓட்டத்தில் சுற்று எண்ணும் மேசை பத்தொன்பது வருஷமாக என் பொறுப்பு. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தப்பான சீட்டில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தெரிந்தே போட்டேன். அது வெர்னா பாபியாக்கின் சீட்டு.

வெர்னா எங்கள் தபாலாபீஸில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறவள். கனடாவின் சஸ்காச்சுவானில் இந்த மாதிரி ஊரில் தபாலாபீஸ் பெண்ணுக்குத் தெரியாத ரகசியம் கிடையாது. ஆனால் அவளிடமிருந்து ஒன்றைக் கறக்க வேண்டுமென்றால் தலைகீழாக நிற்க வேண்டும். அதனால்தான் அவள் புருஷன் ஓரெஸ்டுக்கு அல்சைமர் என்பது எட்டு மாதம் எனக்குத் தெரியவில்லை. அடுத்த வீட்டில் இருந்துகொண்டே! தெரிந்த அன்று எனக்கு வந்த கோபத்தில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே அவளைத் திட்டித் தீர்த்தேன். அவள் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டாள். கடைசியில், "சாயங்காலம் அரை மணி நேரம் வந்து அவர்கூட உட்காருவீங்களா கிளாடிஸ்?" என்றாள். அன்று சாயங்காலமே போய் உட்கார்ந்தேன்.

அந்த அரை மணி நேரத்தில்தான் அவள் ஓட ஆரம்பித்தாள். வயது ஐம்பத்தேழு, காலில் பழைய டென்னிஸ் ஷூ, கோதுமை வயலுக்கு நடுவே போகிற சரளைக்கல் ரோடு. எதற்கடி இந்த வயசில் என்று கேட்டதற்கு, "அழுறதுக்கு ஒரு இடம் வேணும். வீட்ல அழுதா ஏன் அழுறேன்னு கேக்குறாரு. சொல்றேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடியும் கேக்குறாரு. மறுபடியும் முதல்லேருந்து சொல்லணும்" என்றாள்.

இரண்டு வருஷத்தில் அரை மணி நேரம் மூன்று மணி நேரமானது. அப்புறம் ஒரு ஜூன் மாதம், எங்கள் செப்டம்பர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தாள். நூலகத்துக்குப் பின்னால் ஓர் அறை சும்மா கிடக்கிறது. ஓரெஸ்டைப் போன்றவர்களைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்ள அதைத் திறக்க வேண்டும், அதற்குப் பணம் திரட்ட ஓடுகிறேன் என்றாள். எத்தனை சுற்று என்று கேட்டேன். முப்பத்திரண்டு என்றாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம், வருஷத்துக்கு ஒன்று. இது ஓரெஸ்டின் யோசனையாம். ஒரு சுற்று இரண்டு கிலோமீட்டர், அப்படியானால் அறுபத்துநாலு. அதுவரை அவள் நாற்பதைத் தாண்டியதில்லை.

"யார்டி எண்ணப் போறா?" என்றேன்.

எங்கள் ஓட்டத்தில் மின்சாரக் கருவி எல்லாம் கிடையாது. ஒவ்வொருவரும் தனக்கென்று ஓர் ஆளைக் கூட்டிவர வேண்டும். அந்த ஆள் என் மேசையில் உட்கார்ந்து, தன் ஆள் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் சீட்டில் ஒரு கோடு போட்டு, எத்தனையாவது சுற்று என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னது காதில் விழாமல் ஓடுகிறவர் நகரக் கூடாது. சீட்டில் இருப்பதுதான் ஓடியது. அதற்கு மேல் ஆண்டவனே வந்து சொன்னாலும் எடுபடாது.

"ஓரெஸ்ட்தான் எண்ணுவாரு."

"உனக்கென்ன பைத்தியமா? நேத்து என்னைப் பார்த்து, கிளாடிஸ் உன் அம்மா சௌக்கியமான்னு கேக்குறான். எங்கம்மா செத்து முப்பது வருஷமாச்சு."

"அவர் எண்ணலைன்னா நான் ஓடல" என்றாள் வெர்னா. அத்துடன் பேச்சு முடிந்தது.

ஓரெஸ்டும் நானும் ஒரே பள்ளிக்கூடம். அவன் எனக்கு இரண்டு வகுப்பு கீழே. ரயில் பாதை ஓரத்துத் தானியக் கிடங்கில் எடை போடுகிறவனாக இருந்தான். அறுவடை சமயத்தில் ஒரு நாளைக்கு நூறு லாரி வரும். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று போட்டுக்கொண்டே போவான். ஒரு லாரி தப்பியது என்று யாரும் சொன்னதில்லை. அந்தக் கிடங்கை இடித்துப் பத்து வருஷமாகிறது. அவன் நினைப்பில் மட்டும் அது இன்னும் நிற்கிறது. காலையில் எழுந்ததும் வேலைக்கு நேரமாச்சு என்று பூட்ஸைத் தேடுவான்.

ஓட்டத்தன்று காலை ஆறு மணிக்குத் தொடக்கம். ஐந்தரைக்கே, வெர்னா சவரம் செய்துவிட்ட முகத்தோடு, கிடங்குத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தான். பென்சிலை அவனே சீவினான். நான் மேசை விரிப்புக்குக் கீழே, என் மடியில், வெர்னாவுக்கென்று இரண்டாவது சீட்டு ஒன்றை வைத்துக்கொண்டேன். ரகசியமாகத்தான். அவளிடம்கூடச் சொல்லவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, காலையெல்லாம் என்னை வெட்கப்பட வைத்தான். "நாப்பத்தொண்ணு!" என்று வெர்னா தன் நம்பரைக் கத்திக்கொண்டு வருவாள். அவன் எழுந்தே நிற்பான். "ஏழு! அடுத்த லாரி!" என்பான். மேசையே சிரிக்கும். "எட்டு! என்னம்மா, ஈரக் கோதுமையா, இவ்ளோ மெதுவா வருது?" வெர்னாவும் சிரித்துக்கொண்டே ஒரு பெரோகிக் கொழுக்கட்டையை வாயில் போட்டுக்கொண்டு போவாள். உருளைக்கிழங்கு வைத்தது, தேவாலயத்துப் பெண்கள் அவித்தது. என் மடியில் இருந்த சீட்டும் அவன் சீட்டும் ஒன்றாகவே இருந்தன.

பதினான்கு முடிந்த பிறகு ரயில் வந்தது. தானிய வண்டி. வழக்கமாகக் கடகடவென்று போய்விடும். அன்று பார்த்து எதற்கோ நிறுத்திவிட்டார்கள். மைதானத்துக்கு நேர் எதிரே, ஒரு மணி நேரம். ஓரெஸ்ட் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டான். விரலை நீட்டிப் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தான்.

"நாப்பத்தொண்ணு!" என்று வெர்னா வந்தாள். அவன் திரும்பவில்லை.

"நில்லுடி! எழுதாம போகாத!" என்று கத்தினேன்.

அவள் அவன் முதுகைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "எண்ணிட்டிருக்காரு. தொந்தரவு பண்ணாதீங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த சுற்றும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. மூன்றாவது தடவை அவள் தன் நம்பரைக்கூடக் கத்தவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறுபத்துநாலு கிலோமீட்டர் ஓடப்போகிறவளுக்கு ஆறு கிலோமீட்டர் என்ன இனாமா? ரயில் கிளம்பிய பிறகு ஓரெஸ்ட் நிம்மதியாகத் திரும்பி, "நூத்திப் பன்னெண்டு" என்றான். அது சரிதான், நானும் எண்ணிப் பார்த்திருந்தேன். அடுத்த தடவை வெர்னா வந்தபோது எழுந்து நின்று, "பதினஞ்சு! அடுத்த லாரி!" என்றான். என் மடியில் பதினெட்டு.

மத்தியானத்துக்கு மேல் காற்று பிடித்துக்கொண்டது. அறுவடை இயந்திரங்களின் தூசு முழுவதும் மைதானத்துக்கு வந்தது. இருபத்தைந்துக்கு மேல் வெர்னா ஓடவில்லை, கால்களை எறிந்து எறிந்து நடந்தாள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதற்கு வெள்ளரிக்காய் ஊறுகாய்த் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தேன். குடித்ததைச் செடியோரம் வாந்தி எடுத்துவிட்டு மறுபடியும் போனாள். நாலு நாற்பதுக்கு அவள் கோட்டைத் தாண்டியபோது என் சீட்டில் முப்பத்திரண்டு. ஓரெஸ்ட், "இருபத்தொம்போது!" என்றான்.

நான் எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். விரிப்புக்கு அடியிலிருந்து எடுத்துவந்த சீட்டைக் காட்டினேன். "முடிஞ்சிருச்சு வெர்னா. முப்பத்திரண்டு. நான் பார்த்தேன், இதுதான் அத்தாட்சி. உட்காரு."

அவள் உதடு தூசியில் வெடித்திருந்தது. "அவர் சீட்ல என்ன இருக்கு?"

"அதை விடு. அந்தப் பென்சிலை வாங்கி மூணு கோடு நான் போட்டுடுறேன்."

"கார் சாவியை வாங்கிட்டேன் கிளாடிஸ்" என்றாள். "அடுப்பைக் கழட்டிட்டேன். சவரக் கத்தியை ஒளிச்சு வச்சிருக்கேன். வாசக்கதவுக்கு உள்பக்கம் பூட்டு போட்டிருக்கேன். ரெண்டு வருஷமா அவர் கையிலேருந்து ஒண்ணொண்ணா பிடுங்கிட்டே இருக்கேன். பென்சிலையுமா பிடுங்கச் சொல்றீங்க?"

"மூணு சுத்துடி. ஆறு மணிக்குச் சங்கு ஊதிருவாங்க. கடைசிச் சுத்து பாதியில நின்னா அது சேர்த்தியில்ல. அவன் சீட்ல முப்பத்தொண்ணோட நின்னு போயிரும், தெரியுதா?"

"தெரியுது" என்றாள். திரும்பி நடக்க ஆரம்பித்தாள்.

என் அறுபத்தெட்டு வருஷ வாழ்க்கையில் அந்த எண்பது நிமிஷம் மாதிரி எதற்கும் நான் கடிகாரத்தைப் பார்த்ததில்லை. முப்பதாவது சுற்றுக்கு இருபத்துநாலு நிமிஷம். முப்பத்தொன்றுக்கு இருபத்தாறு. இனி முப்பது நிமிஷம்தான் மிச்சம். கல்லறைத் தோட்டத்துப் பக்கம் அவள் மறைந்த பிறகு நான் உட்காரவே இல்லை. ஓரெஸ்டும் உட்காரவில்லை. "இந்த லாரிக்கு என்னாச்சு? கிடங்கைப் பூட்டப் போறாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். தீயணைப்பு வண்டிக்காரப் பையன்கள் சங்குக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்கள்.

ஆறுக்கு ஐந்து இருக்கும்போது வேலித் திருப்பத்தில் அவள் தலை தெரிந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. நாலடிக்கு முன்னால்தான் கேட்டது, "நாப்பத்தொண்ணு."

"முப்பத்திரண்டு!" என்று ஓரெஸ்ட் கத்திய கத்தில் பக்கத்து மேசையில் காப்பி கொட்டியது. ஐந்து ஐம்பத்தெட்டு. வெர்னா அப்படியே புல்லில் விழுந்தாள். நான் அழுதேன். எதற்கு மறைக்க வேண்டும், நன்றாகவே அழுதேன்.

ஓரெஸ்ட் சீட்டை என் முன்னால் வைத்தான். "சரி பார்த்துக் கையெழுத்துப் போடு கிளாடிஸ். என் சீட்ல தப்பு வராது."

ஐந்தைந்தாக ஆறு கட்டு, அதற்கு மேல் இரண்டு கோடு. கோணல் இல்லாத, அழுத்தமான கோடுகள். என் சீட்டில் முப்பத்தைந்து. அதை மடித்துப் பைக்குள் போட்டேன். அவன் சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.

அவன் திருப்தியாகப் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, புல்லில் கிடந்தவளைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"இந்தம்மா யாருக்காக இப்படி ஓடிச்சு?" என்று என்னைக் கேட்டான்.

"புருஷனுக்காக."

"அவனுக்கு என்ன?"

"உடம்பு சரியில்ல."

"அடப் பாவமே. அவனால வந்து பார்க்கக்கூட முடியலையா?"

வெர்னா கண்ணைத் திறந்தாள். படுத்தபடியே சொன்னாள்: "வந்திருக்காரு. காலையிலேருந்து இங்கதான் உட்கார்ந்திருக்காரு."

"அப்படியா? எங்க?" ஓரெஸ்டின் முகம் மலர்ந்தது. "அவன்கிட்ட இதைக் காட்டணுமே. பொண்டாட்டி ஒரு சுத்துகூட விடலன்னு சொல்லணுமே."

என் முன்னாலிருந்த சீட்டை எடுத்துக்கொண்டான். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் அந்த மனுஷனைத் தேடிக்கொண்டு போனான். வெர்னா முழங்காலை ஊன்றி எழுந்து, அந்தக் காலோடு அவன் பின்னால் போனாள்.