சைடு காரில் என் இடம்

தெருமுனைப் பட்டறையில் வெல்டிங் வைக்கிறார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் எனக்கு ஒன்பது வயதாகிவிடுகிறது.

ஆரணியில் அப்பா தன் பழைய மோட்டார் சைக்கிளுக்குச் சைடு கார் மாட்டினார். "உனக்குத்தாம்மா. இனிமே ஸ்கூலுக்கு இதுல குந்திகினு போலாம்," என்றார். நம்பினேன். வண்டி சாயாமல் இருக்க, மெக்கானிக் காதர் பாய் தன் பட்டறையில் என்னை அதில் உட்கார வைத்தே போல்ட்டுகளை முடுக்கினார். மூன்று நாள், தகரம் தொடையைச் சுட்டும் நான் அசையவில்லை.

நான்காம் நாள் காலை புத்தகப் பையோடு பட்டறைக்கு ஓடினேன். என் இடத்தில், அப்பா கடைகளுக்குக் கொண்டுபோய் விற்கும் பட்டுப்புடவை மூட்டை இருந்தது.

"வண்டி சாயாதே பாய்?" என்று அப்பா கேட்டார்.

"எப்படிங்க சாயும்? மூட்டையும் பாப்பாவும் ஒரே வெயிட்டுன்னுதான நீங்க பாப்பாவ உக்கார வைக்க சொன்னீங்க!"

அப்பா என்னைப் பார்க்காமலே கிக்கரை உதைத்தார்.

அன்றும் நடந்தே பள்ளிக்குப் போனேன்.