மீட்டருக்கு வைத்த சந்தனம்

அம்பத்தூரில் நான் வேலை பார்க்கும், உலோகத்துக்கு முலாம் பூசும் பிளேட்டிங் கம்பெனியில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என் பொறுப்பு. அந்த வேலையில் என்னை மடக்க ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் கிடையாது. அப்பேர்ப்பட்ட என்னையே ஒரு பொட்டுச் சந்தனம் ஆட்டிவைத்தது.

ஆயுத பூஜை முடிந்து வேலை தொடங்கிய முதல் நாள். எங்கள் ஆபரேட்டர் பூந்தமல்லியிலிருந்து வருகிறவர், நாற்பது வயது மனுஷன். பூஜைக்காக எல்லா மிஷினையும் துடைத்தவர், கழிவுநீர் வெளியேறும் தொட்டியில் தொங்கும் பி.எச். மீட்டரையும் விட்டுவைக்கவில்லை. தண்ணீரில் அமிலம் எவ்வளவு மிச்சம் என்று காட்டி, அந்த நம்பரை இன்டர்நெட் வழியாகத் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்புகிற மீட்டர் அது. அதன் நுனியில் இருக்கும் கண்ணாடிக் குமிழைக் கழுவி, பயபக்தியோடு சந்தனமும் குங்குமமும் வைத்து, திரும்பத் தொங்கவிட்டிருக்கிறார். விடுமுறையில் சந்தனம் காய்ந்து இறுகிவிட்டது. வேலை தொடங்கியதும் மீட்டர் கண்டபடி நம்பர் காட்டியது. நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் கடல் தாண்டி இருக்கும் தலைமை அலுவலகத்திலிருந்து மெயில் வந்துவிட்டது.

அதற்குப் பத்து மாதம் முன்னால்தான் வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியின் பெரும்பங்கை வாங்கியிருந்தார்கள். அதுவரைக்கும் எல்லாமே எங்கள் முதலாளிதான். ஒரு கொட்டகையில் மூன்று தொட்டி வைத்து, தன் கையையே அமிலத்தில் நனைத்து முன்னுக்கு வந்தவர். விற்ற பிறகு, மிச்சப் பங்கோடு டைரக்டர் என்று மாடி அறையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் அப்போதும் அவரைத்தான் முதலாளி என்றோம்.

மெயிலோடு ஒரு படிவம் வந்தது. நடந்த தப்பை எழுதி, ஏன் என்று கேட்டுப் பதில் எழுத வேண்டும். அந்தப் பதிலையும் ஏன் என்று கேட்க வேண்டும். இப்படி ஐந்து ஏன். சின்னப் பிள்ளைகள்கூட இப்படி நச்சரிக்காது. பழைய காலமாக இருந்தால் முதலாளி கீழே இறங்கி வந்து ஆபரேட்டரை நாலு வார்த்தை ஏசிவிட்டு, சாயங்காலம் அவர் கையிலேயே ஒரு ஸ்வீட் பாக்ஸைத் திணித்து அனுப்பியிருப்பார். அதோடு விஷயம் முடிந்திருக்கும்.

புதிய மேனேஜர், ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’ என்று ஒரே வரியில் முடிக்கச் சொன்னார். எட்டு வருடம் கான்ட்ராக்டில் உழைத்த அந்த மனுஷனை அந்த மாதம்தான் நிரந்தரம் செய்வதாக இருந்தது. அந்த வரி தலைமை அலுவலகத்துக்குப் போனால் அவர் வேலையும் போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கச் சொன்னதே நான்தான்.

“யக்கா, வருசா வருசம் வெச்சிகினுதானே கீறோம்? இந்தத் தபா மட்டும் இன்னா ஆச்சு?” என்றார் ஆபரேட்டர்.

நியாயமான கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டே படிவத்தை எழுதினேன். மீட்டர் ஏன் கெட்டது? சந்தனம் வைத்ததால். ஏன் வைத்தோம்? ஆயுத பூஜை. கெட்டுப்போகும் என்று ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை? இத்தனை வருடம் வைத்தும் ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை? மீட்டர் ஓடினால்தானே கெடுவதற்கு! ஏன் ஓடவில்லை? இந்த ஐந்தாவது ஏனில் பேனா நின்றுவிட்டது.

பதில் தெரியாமல் இல்லை. முதலாளி ஓட்டக் கூடாது என்றிருந்தார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து ஆய்வுக்கு ஆள் வந்திருப்பதாக வாசல் கேட்டிலிருந்து போன் வந்தால்தான் சுத்திகரிப்பு மோட்டார் ஓடும். மற்ற நாளெல்லாம் தண்ணீர் நேரே பின்பக்கக் கால்வாய்க்குப் போகும். வெளிநாட்டுக்காரர்கள் வந்த பிறகுதான் மோட்டாரும் மீட்டரும் தினமும் ஓடின.

படிவத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். ஆபரேட்டரின் வேலை போகப் போகிறது, அதனால் உண்மையை எழுதப் போகிறேன், உங்களுக்குத் தெரியாமல் அனுப்ப மனசில்லை என்றேன். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு பதிலையும் நிதானமாகப் படித்தார். சண்டைக்குத் தயாராகத்தான் நின்றிருந்தேன்.

“எய்திக்கோம்மா. ஓட்டாதன்னு நாந்தான் சொன்னேன். கரண்டு, கெமிக்கலு, அல்லாம் என் பாக்கெட்டுலேந்துதானே போச்சு,” என்றார். பிறகு படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். “ஓடாத மீட்டருக்கு ரிஜிஸ்டர்ல டெய்லி நம்பர் எய்தி கையெய்த்து போட்டது யாரு? நீதானே. ஒரு தபாவாச்சும் ஏன்னு கேட்டியா?”

குரலில் கோபமே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருடம் எழுதியிருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம்கூடக் கிடையாது. கம்பெனி அவருடையது, அதனால் அதிலிருந்து போகிற தண்ணீரும் அவர் பாடு என்றே இருந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

கீழே வந்து ஐந்தாவது கட்டத்தில், ‘முதலாளி ஓட்ட வேண்டாம் என்றார், நான் ஏன் என்று கேட்கவில்லை’ என்று எழுதினேன். பொறுப்பானவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டு, மேனேஜரிடம் காட்டாமலே அனுப்பிவிட்டேன். ஆபரேட்டர் அந்த மாதமே நிரந்தரமானார். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். பதினோரு வருடம் தாமதமாக வந்த கடிதம் அது.